மற்றும்

கோத்தகிரியில் நாலாம் நாளாக மழை.
படப்பிடிப்பு இல்லை, கரண்டும் இல்லை.
லாட்ஜின் மாடி அறையில்
மெழுகுவத்தி ஏற்றிப்
பெயர்ப் பட்டியலை விரித்து
அதன்மேல் வர்க்கித் தூள் உதிர உதிர
மூன்று மணி நேரமாகப் பேசுகிறார்கள்.

இளங்கதிருக்குச் சம்பளம் அதிகம்.
குலசேகருக்கு வயது அதிகம்.
போன மூன்று படமும் ஓடவில்லை
ஆனாலும் தேனிப் பக்கம் அவர் பெயர் விழுந்தால்
இன்னும் சூடம் கொளுத்துகிறார்கள்.
யார் முதலில்?

"ஒப்பந்தம், பக்கம் ஆறு" என்றார்
இளங்கதிரின் மேனேஜர் பாஸ்டின்.
"முதல் அட்டை. தனி அட்டை. மூன்று வினாடி."
"ஒப்பந்தமெல்லாம் நேத்து வந்தவனுக்கு,
எங்களுக்கு வாய்வார்த்தை" என்றார்
குலசேகரின் மைத்துனர்.

அகர வரிசை, என்றேன் நான்.
"'இ' முதல்ல வருமா 'கு' முதல்ல வருமான்னு
எனக்குத் தெரியாதா?
உனக்கு யார்றா சம்பளம் தர்றது?"

கடைசி அட்டைதான் கௌரவம் சார்,
எல்லாப் பெயரும் போனபின்
ஒரு நொடி இருட்டு விட்டு
'மற்றும்' என்று போட்டு அண்ணன் பெயர்.
பாஸ்டின் தேன் தடவிச் சொன்னார்.
மைத்துனர் டீயைக் கீழே வைத்தார்:
"உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில
தாய்மாமன் பேரை 'மற்றும்'னா போடுவீங்க?"

சாருக்குத் தூக்கம்.
"திரையில் தோன்றும் வரிசையில்" என்று சொல்லிவிட்டுப்
போர்வையை இழுத்துக்கொண்டார்.
இருவரும் உடனே சம்மதித்தார்கள்.
இருவருக்கும் அவரவர் ஆள் முதலில் வருவதாக நினைப்பு.

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
ஷாட் ஒன்று: பனி. வளைவுப் பாதை.
கொழுந்து மூட்டையுடன் ஒரு பெண்,
இடமிருந்து வலம்.
கதையில் இல்லாதவள்.
கேமரா ஓடும்போது குறுக்கே வந்தவள்.
நல்லா இருக்கு, இருக்கட்டும் என்றார் சார்.
பெயர்க் கட்டம் காலி.

விடிந்ததும் பஸ் பிடித்துக்
கீழே தோட்டத்து லயத்தில் விசாரித்தேன்.
யோகமலர்.
அப்பா அம்மா பதுளையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.
கதவைப் பாதி திறந்து கேட்டாள்:
"பேர் போட்டா தனியாக் காசு உண்டா?"
இல்லை.
"அப்ப வேணாம் தம்பி.
அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.
செக்ரோல்ல அப்படித்தான் இருக்கு.
போனது வேற ஆள் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்க.
மேஸ்திரி பாத்தா சீட்டைக் கிழிச்சிருவாரு."
கொஞ்சம் யோசித்து,
"இங்கயும் வரிசை உண்டு.
நான் நூத்தி நாப்பத்தேழு.
அதுக்கு யாரும் சண்டைக்கு வந்ததில்ல."

மழை விட்டதும் தகராறும் ஒருவாறு விட்டது.
ஒரே அட்டை, இரண்டு பெயர்.
இடப்பக்கம் இளங்கதிர், கொஞ்சம் கீழே.
வலப்பக்கம் குலசேகர், கொஞ்சம் மேலே.
படிப்பவனுக்கு இவர் முதல்,
பார்ப்பவனுக்கு அவர் முதல்.
எவ்வளவு மேலே என்று கேட்டதில்
இன்னொரு நாள் போனது.
அரை எழுத்து.
பாஸ்டின் ஸ்கேல் வைத்து அளந்து
கையெழுத்துப் போட்டார்.
எழுத்தின் பருமன் மட்டும் இருவருக்கும் ஒன்று,
கூட்டிக்கொண்டே போய்
திரையில் பாதி.

உதவி இயக்குநர்கள் நாலு பேர், ஒரே அட்டை.
எங்கள் வரிசையை யாரும் கேட்கவில்லை.
தட்டச்சு செய்தவன் நான்.
முதலில் போட்டால் தெரிந்துவிடும்.
கடைசியில் போட்டாலும் தெரிந்துவிடும்.
மூன்றாவதாகப் போட்டுக்கொண்டேன்.

படம் வந்தது.
முதல் ஷாட்டின் மேல்தான் அந்த அட்டை.
அவள் நடக்கிறாள், எழுத்துக்களுக்குப் பின்னால்,
மூட்டைமேல் ஒரு பெயர்,
முகத்தின்மேல் ஒரு பெயர்.
மூன்று வினாடி.
ககரத்தின் வளைவுக்குள்
ஒரு காது தெரிந்ததாக ஞாபகம்.

இரண்டு வாரம் கழித்து
யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள்.
"மேஸ்திரி குன்னூர் போய்ப் படம் பாத்துட்டாரு தம்பி.
ஒண்ணும் சொல்லல.
நல்லவேளை,
பேரை அவ்வளவு பெருசாப் போட்டீங்க."